புறம்போக்கில் பறவை பார்க்கலாம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் என்று மூன்று பெரிய விஷயங்களைப் பேசி முடித்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். செயலாளர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். வங்கிக் கவுன்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் நான். கொடுத்த நேரத்தைத் தாண்ட மாட்டேன்.

பி பிளாக்கிலிருந்து நான்கு குடும்பங்கள் பிப்ரவரியில் ராஜஸ்தான், குஜராத் சுற்றுலா போகிறார்கள். "சார், நீங்கள்தான் கழுத்தில் பைனாகுலரோடு திரிகிறீர்களே, பாலைவனத்தில் பறவை பார்க்க எங்கே போகலாம்?" என்று கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் பதில் போட்டிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது பதில் ராஜஸ்தானில் ஆரம்பித்து எண்ணூரில் வந்து நின்றது. அதனால்தான் எல்லோருக்குமாகப் பேசுகிறேன்.

முதலில் அவர்கள் கேட்டதற்குப் பதில். ஜெய்சல்மேருக்கு மேற்கே பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றதும் கேட்டும் பெஞ்சும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாலைவனம் என்றதும் சினிமாவில் வருகிற மணல்மேட்டையும் நினைக்க வேண்டாம். மணல்மேடு அதில் ஒரு பகுதிதான். மீதியெல்லாம் கல், காய்ந்த புல், முட்புதர், நடுநடுவே கிராமங்கள், ஆடுமாடு. அந்தக் காய்ந்த புல்லில்தான் கானமயில் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் இவ்வளவு எடையுள்ளவை உலகத்திலேயே ஒரு சிலதான். இந்தியா முழுவதும் சேர்த்து 150-க்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன, அதில் பெரும்பாலானவை அந்த ஜில்லாவில். ஆகவே பார்க்க முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கழுகு வகைகள், வல்லூறு, மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கௌதாரி இனங்கள், இவற்றைப் பார்க்காமல் திரும்ப மாட்டீர்கள்.

அடுத்தது கீச்சன். பலோடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் இமயமலையைத் தாண்டி வரும் கொக்கு இனம் ஒன்று அங்கே ஆயிரக்கணக்கில் இறங்குகிறது. அவ்வூரார் அதைக் குர்ஜா என்கிறார்கள். ஊரே சேர்ந்து தானியம் போடுகிறது. காலையில் போனால் வரிசையாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்கு அதிகம். 2025-ல் அந்த ஊர் நீர்நிலைக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. குஜராத் பக்கம் போகிறவர்கள் சின்ன ரான் பகுதியைப் பாருங்கள். காட்டுக்கழுதைக்காகப் பேர்போன இடம், ஆனால் மழை நின்றபிறகு தேங்கும் உப்புநீரில் பறவைக் கூட்டம் கொள்ளாது.

இந்த இடங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: ஓரண். ராஜஸ்தான் கிராமங்களில் சாமி பேரில் விட்டுவைத்த பொதுநிலம் அது. மரம் வெட்டக் கூடாது, மாடு மேயலாம், குளத்தில் தண்ணீர் எடுக்கலாம். பட்டா கிடையாது, ஊர் வழக்கம்தான் பத்திரம். கானமயிலுக்கும் அங்கேதான் மறைவிடம். ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பல ஓரண்கள் வெறும் அரசுத் தரிசு என்றுதான் இருக்கின்றன. தரிசு என்று இருந்தால் என்ன ஆகும்? சோலார் தகட்டுக்கும் காற்றாலைக்கும் ஒதுக்கிவிடலாம். கூடவே உயரழுத்த மின்கம்பி வரும். கானமயிலுக்குக் கண் தலையின் பக்கவாட்டில், நேர் எதிரே பார்வை குறைவு. எடையும் அதிகம், சட்டென்று திரும்ப முடியாது. கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அந்த உத்தரவைத் தளர்த்தி, ஆராய ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "எங்கள் ஓரணை ஓரண் என்றே பதிவேட்டில் எழுதுங்கள்" என்பதுதான் கிராமத்தார் கேட்பது.

பதிவேட்டில் எழுதுங்கள். வங்கிக்காரன் காதில் இது நன்றாகவே விழும். எழுதப்படாத பணம் பணமில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அதற்குப் பாலம் போடுவது ஒரு பறவைதான். பூநாரை. ஆங்கிலத்தில் ஃபிளமிங்கோ. இந்தியாவில் பூநாரைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் கட்ச்சின் பெரிய ரான், உப்புப் பாலைவனம். மழைநீர் தேங்கி வற்றும் சேற்றில், முழங்கால் உயரத்துக்கு மண்மேடு குவித்து, அதன் தலையில் ஒரே ஒரு முட்டை வைக்கும். அந்த இடத்துக்கு ஃபிளமிங்கோ நகரம் என்றே பெயர். 1940-களில் சாலிம் அலி அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். மனிதன் குடிக்க முடியாத தண்ணீர், மாடு மிதிக்க முடியாத சேறு. அதுதான் அதற்குப் பாதுகாப்பு. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, உப்புநீரில் வளரும் பாசியையும் நுண்ணிய இறாலையும் வடிகட்டித் தின்கிறது. அந்தத் தீனியில் உள்ள நிறமிதான் இறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. குஞ்சுகளுக்குச் சிவப்பு கிடையாது, சாம்பல் நிறம். சிவப்பு ஏறச் சில வருடம் ஆகும்.

இப்படிப்பட்ட உப்புப் பாலைவனப் பறவை குளிர்காலத்தில் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று பழவேற்காடு ஏரி. நம் வீட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு மணி நேரத்துக்குள். கட்ச் வரைக்கும் போக முடியாதவர்கள் பொன்னேரிக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.

நம் சுற்றுவட்டாரத்தில் பறவை இருக்கும் இடமெல்லாம் எது என்று யோசித்துப் பாருங்கள். முகத்துவாரம், கொசஸ்தலை ஆற்றுப் படுகை, பக்கிங்காம் கால்வாய்க் கரை, அலையாத்திப் புதர், உப்பளம், சேற்றுவெளி. தாலுகா அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: புறம்போக்கு. அந்தச் சொல்லை நாம் இன்று வசவாக்கிவிட்டோம். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் அதுதான் வாயில் வருகிறது. உண்மையில் அது ஒரு கணக்குச் சொல். தீர்வை கட்டும் நிலத்துக்குப் புறத்தே வைத்த நிலம், அவ்வளவுதான். எல்லோருக்கும் பயன்பட வேண்டியது என்பதால்தான் வரி போடவில்லை. ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. 2017-ல் டி.எம். கிருஷ்ணா நம் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினாரே, அது இதைப் பற்றித்தான். பார்க்காதவர்கள் யூடியூபில் பாருங்கள். சாம்பல் படிந்த தண்ணீரும் பின்னால் புகைபோக்கியும் தெரியும். நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தினமும் தெரிவதுதான், ஆனால் திரையில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

புறம்போக்கு என்றால் யாரும் கவனிக்காத நிலம் என்றும் நினைக்க வேண்டாம். பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை உண்டு. ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குழு குழுவாக முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. யாரும் பட்டா வாங்கவில்லை. நம் சங்கத்தின் பார்க்கிங் ஒதுக்கீட்டைவிட அது சச்சரவில்லாமல் நடந்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எங்கே போவது? பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம். ஆறு கடலில் சேரும் இடம். விடிவதற்குள் போய்விடுங்கள். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் மணல்திட்டைப் பாருங்கள். ஆலா என்று ஒரு பறவை. வெள்ளை உடம்பு, கூரான இறக்கை, பறந்துகொண்டே இருந்துவிட்டுச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் விழும். அதில் காஸ்பியன் ஆலா பெரியது, அலகு கேரட்டைப் போலத் தடித்துச் சிவந்திருக்கும். கூடவே கடற்காகம். தலைக்கு மேலே செம்பருந்து எப்போதும் உண்டு, நம் மொட்டை மாடிக்கும் வருவதுதான். குப்பத்துப் பெரியவர்களிடம் பேசுங்கள். எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எது வந்தால் மீன் கிடைக்கும் என்பதெல்லாம் புத்தகத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படகுக்குக் குறுக்கே நின்று போட்டோ எடுக்காமல் இருந்தால் போதும், அன்பாகப் பேசுவார்கள்.

இரண்டாவது இடத்துக்கு நடக்கக்கூட வேண்டாம். காத்திவாக்கத்தில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் போவதற்குள் ரயில் ஆற்றைக் கடக்கும். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் இருபுறமும் சேறு தெரியும். சேறு தெரிந்தால் பறவை தெரியும். நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். சாம்பல் நாரை அரைமணி நேரம் அசையாமல் நிற்கும், அக்கவுன்ட் முடிக்கும் நாளன்று எங்கள் ஆடிட்டர் நின்ற மாதிரி. மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண்ணாங்கட்டி, பறந்தால் வெள்ளைவெளேர். பத்து ரூபாய் டிக்கெட்டில் இவ்வளவு எங்கே கிடைக்கும்? முகூர்த்த நாளில் மட்டும் போகாதீர்கள், ஜன்னல் கிடைக்காது.

மூன்றாவது உப்பளங்கள். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம். வரவரக் குறைந்துவிட்டன, ஆனால் மிச்சமிருக்கும் பாத்திகளும் கைவிட்ட பாத்திகளும் பறவைக்கு நல்ல இடம். வெயிலில் வெள்ளையாக வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையைப் பார்த்தால் ரான் பாலைவனத்தின் சின்னப் பிரதிதான். நெடுங்கால் உள்ளான் சிவப்புக் குச்சி போன்ற காலோடு நடக்கும். பவளக்காலி என்றும் சொல்வார்கள், பொருத்தமான பெயர். உப்புக்கொத்தி என்று ஒரு சின்னப் பறவை. பேரைக் கவனியுங்கள், நம் ஆட்கள் உப்பளத்தில் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஓடும், நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். ஆள்காட்டி உங்களைப் பார்த்ததும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். கோடையில் அது வெறும் தரையிலேயே முட்டை வைக்கும். கூழாங்கல் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். ஆகவே மார்ச்சுக்கு மேல் பாத்திக்குள் இறங்காதீர்கள், வரப்போடு நில்லுங்கள்.

இந்த உப்பளத்தில் எனக்குப் பிடித்தது கொசு உள்ளான். குருவி அளவுதான். எடை இருபத்தைந்து கிராம் இருக்கும், மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். அது முட்டையிடுவது ஆர்க்டிக் ஓரத்தில், ரஷ்யாவின் வடகோடியில். குளிர் தொடங்கியதும் புறப்பட்டு நம் சேற்றுக்கு வருகிறது. இங்கே நான்கைந்து மாதம் தின்று கொழுத்துத் திரும்பிப் போகிறது. வழியில் தங்கும் இடங்களில் ஒன்றை மூடிவிட்டால் அடுத்த இடம் வரை போவதற்கு அந்த இருபத்தைந்து கிராமில் எரிபொருள் மிஞ்சாது. சேற்றுவெளி நமக்கு நாற்றம். அதற்கு அது சாப்பாட்டுக்கூடம்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. நீர் வற்றும்போது பறவைகள் சேற்றில் பரவி மேயும். நீர் ஏறும்போது உப்பளத்துக்கும் திட்டுக்கும் ஒதுங்கிக் கூட்டமாக நிற்கும். எண்ணுவதற்கு அதுதான் வசதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் கூடுதல். செல்போனில் நேரம் பார்க்கலாம், அல்லது குப்பத்தில் கேட்கலாம். மாதம் என்றால் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. புயல் எச்சரிக்கை இருக்கும்போது வீட்டில் இருங்கள்.

நான்காவது பழவேற்காடு. பொன்னேரியில் இறங்கினால் பஸ் உண்டு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில். நம் பக்கத்துப் பகுதி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம். ஊருக்குள் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வெயில் ஏறியபிறகு அதைப் பார்க்கலாம். பூநாரைக்கு ஊரைவிட மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரி நல்ல இடம். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்கு அனுமதி கிடையாது. "சும்மா ஒரு ரவுண்டு" என்று யாராவது கூப்பிட்டாலும் போகாதீர்கள். படகு கிட்டே போனால் பூநாரைக் கூட்டமும் எழுந்துவிடும். கூட்டம் ஒருமுறை எழுந்தால் பத்து நிமிடம் மேய்ச்சல் போச்சு.

இன்னும் வடக்கே போகிறவர்கள் சூலூர்பேட்டை வரை ரயிலில் போகலாம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே போகிறது. நல்ல வருடமாக இருந்தால் இருபக்கமும் பூநாரைதான். கோடையில் அதே இடம் வற்றிக் கானல்நீர் ஓடும் வெட்டவெளியாகிவிடும். சூலூர்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டு, கூழைக்கடா கூடு கட்டும் இடம். மரம் தண்ணீரில் நிற்கும், மரத்தில் கூழைக்கடா நிற்கும். இவ்வளவு பெரிய பறவை கிளை முறியாமல் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பதற்கே போகலாம்.

இந்த நாலு இடத்தில் சேர்க்காமல் விட்ட ஒன்றும் உண்டு. நமக்கும் ஒரு பாலைவனம் இருக்கிறது, செப்பாக்கம் பக்கம். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டும் குட்டை. காய்ந்த பகுதி சாம்பல் நிற மணல்வெளியாகப் பரந்து கிடக்கும், காற்றடித்தால் எழும்பும். அங்கே போகச் சொல்ல மாட்டேன். அது தடைசெய்த பகுதி, மூச்சுக்கும் நல்லதல்ல. குழாய் கசிந்து அந்தச் சாம்பல் ஆற்றுப் படுகையில் படிந்ததைக் கழிமுகத்தின் பல இடங்களில் பார்க்கலாம். காலால் மிதித்தால் சேறு வழுக்கும், சாம்பல் புதையும். சாம்பல் படிந்த இடத்தில் கொசு உள்ளான் கொத்துவதற்குப் புழு இருக்காது.

2023 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம். மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக நம் கழிமுகத்துக்கு வந்தது. குப்பத்து ஆட்கள் படகில் போய்க் கையால் மொண்டு எடுத்தார்கள். கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கருப்பு எண்ணெயோடு நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இறகில் எண்ணெய் ஒட்டினால் அதற்குத் தண்ணீர் உள்ளே இறங்கும், உடம்புச் சூடு போய்விடும், பறக்கவும் முடியாது. அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று: "எண்ணூரில் இவ்வளவு கூழைக்கடா இருக்கிறதா?" நாம் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். எண்ணெய் பட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று தெற்கே நடந்தது. பள்ளிக்கரணை. ஒரு காலத்தில் மாநகரக் குப்பையைக் கொட்டிய சதுப்பு. அதன் ஓரத்தில் வாரா வாரம் போய் நின்று பறவைகளை எண்ணிக் குறித்து வைத்தவர்கள் இருந்தார்கள். ஆசிரியர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள். 2007-ல் அதில் 317 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வழக்கு, போராட்டம் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "இங்கே இத்தனை வகைப் பறவை, இந்தத் தேதியில், இத்தனை எண்ணிக்கை" என்று காட்டுவதற்குக் கையில் கணக்கு இருந்தது. வடக்கே பறவைக்குக் குறைச்சல் இல்லை. குறித்து வைக்கிறவர்களுக்குத்தான் குறைச்சல்.

கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு நம் கழிமுகத்தின் வரைபடமே சாட்சி. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கட்டடம் எழுப்பக் கூடாத நீர்ப்பகுதியாக இருக்கிறது. பிற்காலத்தில் அலுவலகங்களில் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட பிறகுதான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வெளியே வந்தன. ஒரே கிளையில் இரண்டு பேரேடு இருந்தால் எங்கள் வங்கியில் அன்றைக்கே விசாரணை வந்துவிடும். ஒரு பெரிய திட்டம் வரும்போது அந்த இடத்தில் என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரித்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியல் சின்னதாக இருந்தால், "இல்லை, இதோ பாருங்கள்" என்று எடுத்துப்போட நம்மிடம் பல வருடத்துப் பதிவு வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 'ஈபேர்ட்' என்று இலவச ஆப் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்துவது. போன இடம், நேரம், பார்த்த பறவை, எண்ணிக்கை, நான்கே பத்தி. பாஸ்புக் என்ட்ரி மாதிரிதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பிறகு எடுத்துப் பார்க்கலாம். பேர் தெரியாவிட்டால் 'மெர்லின்' என்ற ஆப் போட்டோவையும் குரலையும் வைத்துச் சொல்லும். தமிழில் வேண்டுமென்றால் ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட கையேடு இருக்கிறது, என் பிரதியை நூலக அலமாரியில் வைக்கிறேன், திருப்பி வைத்துவிடுங்கள். சந்தேகமான பறவையை ஊகித்து எழுத வேண்டாம். "உள்ளான் வகை, 40" என்று எழுதினால் போதும், அதுவும் கணக்குதான். தப்பான பேரைவிடப் பொதுவான பேர் மேல்.

பைனாகுலர் வாங்குகிறவர்கள் 8x42 என்று கேட்டு வாங்குங்கள். பெரிது பெரிதாகக் காட்டும் என்று 20x எடுத்தால் கை நடுங்கி ஒன்றும் தெரியாது, நம் வயசுக்கு இன்னும் மோசம். ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். துறைமுகம், அனல்மின் நிலையம் எல்லாம் பாதுகாப்பு வளையத்தில் இருப்பவை. பெரிய கேமராவை அந்தப் பக்கம் திருப்பினால் காவலர் கேள்வி கேட்பார், கேட்பது அவர் வேலை. பெண்கள் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆண்களும் தனியாகப் போக வேண்டாம். சேற்றில் கால் சிக்கினால் இழுக்க ஓர் ஆள் வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். போன வருடம் நம் குடியிருப்பில் பல வீடுகளில் டைல்ஸ் மாற்றினோம், பாத்ரூம் இடித்தோம். அந்த இடிபாட்டு மூட்டைகளை மேஸ்திரி மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிப் போனார். எங்கே போனது? மாநகராட்சி ஒதுக்கிய இடத்துக்குப் போனதா, ஆற்றோரம் கவிழ்த்ததா? யாரும் கேட்கவில்லை. கழிமுகத்துக் கரையில் நடந்தால் உடைந்த வாஷ்பேசினும் பூப்போட்ட டைல்ஸும் கிடக்கின்றன. யார் வீட்டுடையது என்று சொல்ல முடியாது, ஆனால் அலையடித்து வந்தது இல்லை. இனி இடிபாடு எடுக்க அனுமதி கேட்டால், கொட்டிய இடத்தின் ரசீது இல்லாமல் முன்பணத்தைத் திருப்பித் தரக் கூடாது என்று சங்கம் ஒரு விதி போட வேண்டும். தீர்மானமாக முன்மொழிகிறேன். அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேதி. பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், 2015-லிருந்து நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த எல்லாப் பறவையையும் எண்ணி ஈபேர்டில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் விதி. மாடியிலிருந்தும் செய்யலாம், காக்கையும் புறாவும் சேர்த்தி. நாம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கிறோம். காலை 5.30-க்கு மெயின் கேட். நெட்டுக்குப்பம் போய் 8 மணிக்குத் திரும்பிவிடலாம். தொப்பி, தண்ணீர் பாட்டில், நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பு. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். குழந்தைகளைக் கூட்டி வாருங்கள், எண்ணுவதில் அவர்கள்தான் கெட்டி. பைனாகுலர் என்னிடம் இரண்டு, டி பிளாக் மேடத்திடம் ஒன்று, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். டீ என் செலவு, பன் அவரவர் செலவு.